வாசகர் கேள்வி–பதில்: வரத்துக்கால் வெட்டும் மாதம்

போன மாதம் எங்கள் ஏரிச் சங்கத்தைப் பற்றி இதே பக்கத்தில் கொஞ்சம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஏழுக்கு இந்த மாதம் பதில் சொல்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வரி. காவேரிப்பாக்கத்துக்கும் சோளிங்கருக்கும் நடுவில் ஒரு கிராமம் எங்களுடையது. அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் தாத்தா எங்கள் ஊர் நீர்க்கட்டி. மதகைத் திறப்பது, மூடுவது, எந்தக் கழனிக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று பார்த்து விடுவது எல்லாம் அவர் வேலை. அறுப்பு முடிந்ததும் களத்தில் மேரை, அதாவது கூலியாகத் தரும் நெல்லை, வாங்கிக்கொண்டு வருவார். அவர் காலத்துக்குப் பிறகு அந்த வேலைக்கு ஆள் இல்லை. இப்போது சங்கத்தின் கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது.

எங்கள் ஊர் ஏரியை ஒரு தடவை முழுசாகத் தூர்வாரிவிட்டால் பத்து வருடத்துக்குக் கவலை இல்லை என்கிறார்கள். நீங்கள் ஏன் வருடா வருடம் வேலை செய்கிறீர்கள்?
— விவசாயி, திமிரி

ஐயா, ஏரியை எவ்வளவு ஆழமாக வெட்டினாலும் தண்ணீர் வரும் வழி அடைபட்டிருந்தால் அது வெறும் பள்ளம்தான். எங்கள் ஊரில் இது நடந்தது. பொக்லைன் வைத்து ஏரியின் நடுவில் ஆழமாக வெட்டினார்கள், பார்க்க நன்றாக இருந்தது. அந்த வருடம் மழையும் குறையில்லை. மேல் ஏரி நிரம்பி நான்கு நாள் கோடி போனது, அதாவது உபரித் தண்ணீர் வழிந்து ஓடியது. எங்களுக்கு வந்தது முழங்கால் தண்ணீர். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் ரோட்டுக்கு அடியில் போகும் குழாய்ப் பாலத்துக்குள் பாட்டிலும் பிளாஸ்டிக்கும் மண்ணும் சேர்ந்து சுவர் மாதிரி நின்றிருந்தது. தண்ணீர் பக்கத்துக் கழனிகளில் ஏறி வேறு பக்கம் போய்விட்டது. சங்கத்தை நாங்கள் ஒழுங்காக நடத்த ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

வேலையைத் தமிழ் மாதத்தில்தான் பிரித்துக்கொள்கிறோம். பங்குனி வரத்துக்காலுக்கு. ஆயக்கட்டில், அதாவது ஏரித் தண்ணீர் பாயும் பரப்பில், அவரவருக்கு இருக்கும் நிலத்துக்கு ஏற்ற மாதிரி கால்வாயைக் கோல் வைத்து அளந்து பங்கு போட்டுவிடுவோம். அவரவர் பங்கை அவரவர் வெட்டலாம், முடியாதவர்கள் ஆள் கூலி கட்டலாம். வெட்டிய மண்ணைக் கால்வாய் ஓரத்திலேயே போடக்கூடாது என்பது கண்டிப்பு. ஓரத்தில் போட்ட மண் முதல் மழையிலேயே திரும்ப உள்ளே வந்துவிடும். நான்கு கோல் தள்ளித்தான் கொட்ட வேண்டும்.

சித்திரையில் மதகும், ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழியும் கலங்கலும். கலங்கல் கட்டுமானத்தில் கல் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருக்கும். இரண்டு இலைதானே என்று விட்டால் மூன்றாம் வருடம் அதன் வேர் கல்லைப் பிளந்துவிடும். மேலே கிள்ளினால் போதாது, வேரோடு எடுத்து அந்த இடுக்கைச் சிமெண்டு வைத்து அடைக்க வேண்டும். மதகு ஷட்டருக்குக் கிரீஸ் போடுவதும் அப்போதுதான். வைகாசி, ஆனியில் ஏரியை மூடும் நெய்வேலிக் காட்டாமணக்குச் செடியைப் பிடுங்குவதும் வண்டல் எடுப்பதும். ஆடியில் முதல் மழைத் தண்ணீர் வரும்போது வரத்துக்கால் வாயில் வலை கட்டிக் குப்பையை எடுப்போம். ஐப்பசி, கார்த்திகையில் கரைக்காவல். தையில் தண்ணீர் அளவைப் பார்த்து எத்தனை ஏக்கருக்கு இரண்டாம் போகம் நடலாம் என்று கரையில் உட்கார்ந்து பேசி முடிவு செய்வோம். நான்கைந்து வருடமாக அந்த மாதத்திலேயே ஒரு விடியற்காலையில் பறவைகளையும் எண்ணுகிறோம். முக்குளிப்பானும் நாமக்கோழியும் நீர்க்காகமும் பிள்ளைகளுக்கு இப்போது பேர் சொல்லித் தெரிகிறது.

இதில் எதுவும் நாங்கள் கண்டுபிடித்தது கிடையாது. உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டு, பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று ஒரு குழுவே இருக்கிறது, அதற்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையோடு. எங்களுக்குப் பக்கத்தில் மகேந்திரவாடியில் பாறையைக் குடைந்து கட்டிய கோயில் கல்வெட்டு, முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் பேரால் அமைந்த மகேந்திர தடாகத்தைச் சொல்கிறது. ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. அத்தனை வருடமும் யாரோ ஒருவர் வருடா வருடம் வரத்துக்கால் வெட்டியிருக்கிறார்கள் ஐயா. குடிமராமத்து என்ற சொல்லே அதற்குத்தான். 2017-இல் அரசு அந்தப் பெயரிலேயே திட்டம் கொண்டுவந்தபோது எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எங்கள் கல்லூரிக்குப் பக்கத்து ஏரி மாசி, பங்குனியில் பச்சைப் பெயிண்ட் கொட்டின மாதிரி ஆகிவிடுகிறது. சில நாள் மீன்கள் செத்து மிதக்கின்றன. யாராவது விஷம் கலந்திருப்பார்களா?
— கல்லூரி மாணவி, காட்பாடி

விஷம் என்றுதான் எங்கள் ஊரிலும் முதலில் நினைத்தோம் அம்மா. ஒரு மாசி மாதம், மூன்று நாள் மூட்டமாக இருந்து நான்காம் நாள் விடியற்காலை ஐந்தரைக்கு மீன் ஏலம் எடுத்தவர் ஓடி வந்து என்னைக் கூப்பிட்டார். டார்ச் அடித்துப் பார்த்தேன். கரை ஓரம் முழுக்கக் கட்லாவும் ரோகுவும் வாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டித் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சின்னக் குழந்தை மூச்சுக்குத் திணறுகிற மாதிரியே இருந்தது. எட்டு மணிக்குள் பாதி மீன் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தது. விரால் மட்டும் ஒன்றும் ஆகாமல் திரிந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு விஷயம் புரிந்தது. விரால் மேலே வந்து காற்றையே சுவாசிக்கக்கூடிய மீன். விஷமாக இருந்தால் அதுவும் செத்திருக்க வேண்டும். தண்ணீரில் ஆக்சிஜன் இல்லை, அதுதான் காரணம்.

பச்சையாக இருப்பது கண்ணுக்குத் தெரியாத பாசி. பகலில் வெயில் இருக்கும்போது அது ஆக்சிஜனை வெளிவிடும். ராத்திரியில் அதுவும் நம்மைப் போலச் சுவாசித்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மூட்டமான நாளில் பகலில் உற்பத்தி குறைவு, ராத்திரிச் செலவு அப்படியே. விடியும் நேரத்தில் தண்ணீரில் மிச்சம் ஒன்றும் இருக்காது. ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்களுக்கு ஆபத்து.

சரி, பாசிக்கு அவ்வளவு சாப்பாடு எங்கிருந்து வந்தது? தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும்தான் (பாஸ்பரஸ்) அதற்குச் சாப்பாடு. யூரியா, டி.ஏ.பி. போட்ட கழனியிலிருந்து வடியும் தண்ணீர், மாட்டுச் சாணம், எல்லாவற்றையும் விடச் சாக்கடை. அன்றைக்கு நானும் இரண்டு பையன்களும் வரத்துக்கால் வழியாக மேலே நடந்து போனோம். எங்கள் கிழக்குத் தெருச் சாக்கடை வரத்துக்காலில்தான் வந்து விழுந்துகொண்டிருந்தது. என் வீட்டுத் துணி துவைத்த தண்ணீரும் அதில்தான். பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் இந்தப் பாடத்தை நடத்தியவள் நான். அந்த இடத்தில் நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த வருடமே ஊராட்சியில் பேசி, சாக்கடை வரத்துக்காலில் சேரும் இடத்துக்கு முன்னால் இரண்டு தொட்டி வெட்டினோம். முதல் தொட்டியில் கசடு தங்கும். இரண்டாவதில் ஜல்லி போட்டுக் கல்வாழையும் சம்பங்கோரையும் வைத்திருக்கிறோம். வேர்கள் நிறைய சத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கசட்டை அள்ள வேண்டும், தழையை வெட்டி வெளியே எடுத்துப்போக வேண்டும். வெட்டாமல் விட்டால் அது அங்கேயே அழுகி, உறிஞ்சின சத்தைத் திரும்பக் கொடுத்துவிடும். பச்சை உடனே போய்விடவில்லை. சேற்றில் வருடக்கணக்கில் சேர்ந்த மணிச்சத்து, அடியில் ஆக்சிஜன் குறையும்போதெல்லாம் திரும்பத் தண்ணீரில் கரைந்து வரும். அதனால் மூன்று வருடம் பொறுமையாக இருந்தோம்.

உங்கள் கல்லூரியில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று அளக்கச் செக்கித் தட்டு என்று ஒன்று உண்டு. இருபது சென்டிமீட்டர் அகலமான வட்டத் தட்டு, நான்கு பங்காகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பெயிண்ட் அடித்தது. நான் பழைய எவர்சில்வர் தட்டு ஒன்றில்தான் செய்தேன். நடுவில் ஓட்டை போட்டு, கீழே ஒரு கல்லைக் கட்டி, கயிற்றில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு. பரிசலில் நடு ஏரிக்குப் போய், உச்சி வெயில் நேரத்தில், நிழல் பக்கமாக மெல்ல இறக்க வேண்டும். தட்டு கண்ணுக்கு மறையும் இடத்தில் முடிச்சை எண்ணுங்கள். மறுபடி மெல்லத் தூக்கி, தெரிய ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு தடவை எண்ணுங்கள். இரண்டின் சராசரிதான் கணக்கு. மாதம் ஒரு தடவை, அதே இடத்தில், தேதி போட்டு எழுதி வையுங்கள். பத்து மாத நோட்டு கையில் இருந்தால் எந்த அலுவலகத்தில் போய் நின்றாலும் உட்காரச் சொல்லிக் கேட்பார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது.

நெய்வேலிக் காட்டாமணக்கு எங்கள் ஏரியில் பாதியை மூடிவிட்டது. களைக்கொல்லி அடிக்கலாமா?
— வாசகர், குடியாத்தம்

வேண்டாம் அண்ணா. அந்தத் தண்ணீரைத்தான் மாடு குடிக்கிறது, அந்த மீனைத்தான் நாம் சாப்பிடுகிறோம். செத்த செடி மொத்தமும் தண்ணீரிலேயே அழுகினால் மேலே சொன்ன ஆக்சிஜன் பிரச்சினை வேறு.

ஏரி வற்றிய பிறகு, வைகாசியில், ஈரம் கொஞ்சம் இருக்கும்போது வேரோடு பிடுங்குவதுதான் வழி. நிறைய ஊரில் அரிவாளால் வெட்டி அங்கேயே போட்டுவிட்டு வருகிறார்கள். இந்தச் செடியின் தண்டு ஒரு சாண் துண்டு ஈர மண்ணில் கிடந்தால் போதும், கணுவில் வேர் விட்டு எழுந்துவிடும். நூறு செடியை வெட்டிப் போட்டவன் ஐநூறு நட்டுவிட்டு வந்த மாதிரி. பிடுங்கியதை ஏரிக்கு வெளியே, கரைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய், வேர் வானத்தைப் பார்க்க அடுக்கி நன்றாகக் காய விடுங்கள். நாங்கள் ஒரு ஓரத்திலிருந்து ஆரம்பித்து வருடத்துக்கு நான்கு ஏக்கர் என்று போனோம். ஆனால் எடுத்த இடத்தை அடுத்த ஆனியில் மறுபடி ஒரு நடை நடந்து பார்த்து, முளைத்ததை எடுப்பதுதான் முக்கியமான வேலை. ஆடு மாடு அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு அது நஞ்சு.

ஏரி வண்டல் நிலத்துக்கு நல்லது என்கிறார்கள். எங்கள் பக்கம் தோல் தொழிற்சாலைகள் அதிகம். எடுத்துப் போடலாமா?
— விவசாயி, ராணிப்பேட்டை

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. சாதாரணமாக, மழைத் தண்ணீர் மட்டும் வரும் ஏரியின் வண்டல் தங்கம்தான். என் தாத்தா காலத்தில் வெயில் மாதம் முழுக்க மாட்டு வண்டி ஏரிக்கும் கழனிக்கும் நடந்துகொண்டே இருக்கும். விவசாயத்துக்கு அரசு இலவசமாகவே அனுமதி தருகிறது. நஞ்சை என்றால் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் என்று அளவு. சிட்டாவும் அடங்கலும் எடுத்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் எடுக்கலாம் என்று குறித்துக் கொடுப்பார்கள், அதைத் தாண்டாதீர்கள். கரைக்குப் பக்கத்தில் எடுத்தால் கரை சரியும்.

ஆனால் உங்கள் ஏரிக்கு எப்போதாவது ஆலைக் கழிவு வந்திருந்தால், பரிசோதனை செய்யாமல் ஒரு கூடை மண்ணைக்கூட நிலத்தில் போடாதீர்கள். தோல் பதனிடக் குரோமியம் உப்பு பயன்படுத்துகிறார்கள், சாதாரண உப்பும் ஏராளம். கழிவுநீர் வருவது நின்றாலும் குரோமியம் சேற்றில் தங்கிவிடும். வேலூர் மாவட்டத்துத் தோல் ஆலைக் கழிவைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் கொடுத்த தீர்ப்பு, கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்த நாட்டுச் சட்டத்தில் உறுதிப்படுத்திய தீர்ப்பு. அந்தப் பெருமையும் வலியும் நம் பகுதிக்கு உண்டு. ஐந்து இடத்தில் மண் எடுத்து, மண் ஆய்வுக்கூடத்தில் கன உலோகமும் பார்க்க வேண்டும் என்று தனியாகச் சொல்லிக் கொடுங்கள். சும்மா கொடுத்தால் தழை, மணி, சாம்பல் சத்து மட்டும் பார்த்துத் தந்துவிடுவார்கள்.

பிள்ளையார் சிலையைக் கரைக்கக்கூடாது என்றால் பக்தி என்ன ஆவது?
— வாசகி, வாலாஜா

கரைக்கலாமே அம்மா, களிமண் பிள்ளையாரை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைதான் கூடாது, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் 2020-இல் அதைத்தான் சொல்லியிருக்கிறது. அது லேசில் கரையாது. வைகாசியில் ஏரி வற்றும்போது கையும் தும்பிக்கையும் உடைந்து சேற்றில் கிடப்பதை வந்து பாருங்கள், மனசு தாங்காது. எங்கள் ஊரில் குயவர் எங்கள் ஏரி மண்ணிலேயே செய்து கொடுக்கிறார், பெயிண்ட் கிடையாது, கண்ணுக்குக் குன்றிமணி. ஆவணியில் ஏரியிலிருந்து வந்தவர் ஏரிக்கே போகிறார்.

மழை குறைந்த வருடத்தில் கலங்கல் மேல் மணல் மூட்டை அடுக்கி ஒரு அடி கூடுதலாகத் தண்ணீர் தேக்கலாமா? எங்கள் ஊரில் சிலர் செய்கிறார்கள்.
— வாசகர், ஆற்காடு

செய்யவே கூடாது. கலங்கல் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதற்குத்தான் கரையைக் கட்டியிருக்கிறார்கள். ராத்திரியில் மேல் ஏரி உடைத்துக்கொண்டு வந்தால் மூட்டையை எடுக்க யார் போவது?

2021 நவம்பரில் பாலாற்றில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் போன அந்த வாரம் நாங்கள் ஐந்து ராத்திரி கரையில் இருந்தோம். சாக்குப் பையும் மண்வெட்டியும் டார்ச்சும்தான் ஆயுதம். கோடி முழு வேகத்தில் போகிறது, சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேச்சு கேட்கவில்லை. விடியற்காலை மூன்று மணி இருக்கும். இரண்டாம் மதகுக்குப் பின்னால் கரையின் அடியில் காவலுக்கு இருந்த என் அக்கா பையன் கத்தினான். “சின்னம்மா, தண்ணி கலங்கி வருது!”

கரைக்கு வெளியே கொஞ்சம் தெளிந்த நீர் கசிவது எல்லா மண் கரையிலும் உள்ளதுதான், பயப்பட வேண்டாம். கலங்கி வந்தால் கரைக்குள்ளிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். நண்டு வளையோ எலி வளையோ அதற்குப் போதும். பையன்கள் உடனே அந்த ஓட்டையில் களிமண்ணை வைத்து அடைக்கப் போனார்கள். நான் தடுத்துவிட்டேன். தாத்தா சொல்வார், வருகிற தண்ணீரை அடைக்காதே, மண்ணை மட்டும் நிறுத்து என்று. வெளிப்பக்கம் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே வேறு வழி பறித்துக்கொள்ளும். ஊற்று வரும் இடத்தில் முதலில் ஆற்று மணல் கொட்டினோம். அதன் மேல் பொடி ஜல்லி, அதற்கு மேல் பெரிய ஜல்லி, சுற்றிலும் மண் மூட்டை. ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால் ஜல்லிக்கு நடுவிலிருந்து தெளிந்த தண்ணீர் வந்தது. அங்கேயே கன்னிமார் கல்லுக்குப் பக்கத்தில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம், யாருக்கும் நிற்கத் தெம்பில்லை. பிறகு ஏரி வற்றியதும் நீர்வளத்துறையில் சொல்லி உள்பக்கத்திலிருந்து வெட்டிக் களிமண் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்தினார்கள்.

அன்றைக்கு எங்கள் கலங்கல் மேல் ஒரு மூட்டை இருந்திருந்தால் இந்தப் பதிலை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது.

ஏரி யாருடைய பொறுப்பு என்றும் கேட்டிருந்தீர்கள். ஆயக்கட்டு 40 ஹெக்டேர், அதாவது 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை. அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். ஆக்கிரமிப்பு என்றால் முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடமும் ‘அ’ பதிவேடும் பார்த்து, ஏரியின் எல்லைக் கல்லைத் தேடிக் கண்டுபிடியுங்கள். கல் தெரிந்த பிறகு மனு எழுதினால் போதும்.

வேலூரில் வேலை பார்க்கிறோம், ஐந்து நண்பர்கள். மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லை. உங்கள் வரத்துக்கால் வேலைக்கு வரலாமா, அக்கா?
— வாசகர், வேலூர்

தாராளமாக வாங்க தம்பி. பங்குனி முதல் ஞாயிறு ஆரம்பிக்கிறோம், காலை ஆறு மணிக்கு ரோட்டுக் குழாய்ப் பாலத்துக்குப் பக்கத்தில் நிற்போம். பத்து மணிக்கு மேல் வெயிலில் வேலை இல்லை. சாமான் எல்லாம் இங்கே இருக்கிறது, கையில் சுற்றிக்கொள்ளப் பழைய வேட்டித் துணி மட்டும் கொண்டு வாங்க, முதல் நாள் கொப்புளம் போடும். பாலத்துக்குள் இறங்குகிறவர்கள் செருப்பில்லாமல் இறங்க வேண்டாம், பாட்டில் சில்லு நிறைய. கேழ்வரகுக் கூழும் பச்சை மிளகாயும் கரையிலேயே வந்துவிடும். உங்கள் ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு கோல் அளந்து வைக்கிறேன்.